பழனிக்கு மேற்கே ஓடுவது பாலாறா, சண்முகநதியா? வரைபடத்தில் எதை எழுதுவது?

ஓடைக்கரை:
பஞ்சாயத்து நீர்நிலை வரைபடம் போடுறோம். கைபேசி வரைபடத்தில் பாலாறு-பொருந்தலாறு அணையிலிருந்து அமராவதி ஆறு வரைக்கும் ஒரே கோடு, 'பாலாறு'னு பேர். ஊரில் சண்முகநதி என்கிறார்கள். வேலூர்ப் பாலாறு என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. எந்தப் பேரை, எங்கிருந்து எங்கே வரை எழுதணும்?

வடசரிவு:
வேலூர்ப் பாலாற்றுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லைங்க. அது நந்தி மலையில் பிறந்து கடலுக்குப் போவது. இது பழனிமலை வடசரிவுத் தண்ணீர். அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகுது.

பாலாறும் பொருந்தலாறும் அடிவாரத்தில் ஒரே அணைக்குள் விழுகின்றன. அணைக்கு இரட்டைப் பேர் வந்ததும் அதனால்தான். கொடைக்கானல் மலைப்பாதையோரம் இருக்கிற வரதமாநதித் தண்ணீரும் கீழே இதோடு சேருது. ஆறு ஆறுகள் கூடுவதால் 'சண்முக' நதி என்பது வழக்கு. அதாவது அது கூடலின் பேர், ஒரு கிளையின் பேர் இல்லை. அணைக்கு மேலே கிளைப்பேர், கூடின பிறகு சண்முகநதி, அமராவதியைத் தொட்டதும் அதுவும் முடிந்தது. குதிரையாற்றை மட்டும் இதில் சேர்த்துவிடாதீங்க.

புலப்படம்:
பேர் மாறுகிற இடத்தை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேட்டையும் (புல எண்வாரியான நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்) எடுங்கள். புறம்போக்குப் புல எண்ணுக்கு எதிரே ஆறு, ஓடை, வாய்க்கால் என்று எது எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். அடுத்தடுத்த கிராமங்களில் பேர் எங்கே மாறுகிறதோ அங்கே கோட்டை வெட்டுங்கள். பலர் சறுக்குவது வாய்க்காலில்தான்: அணையிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால் மேலிருந்து பார்த்தால் ஆறு மாதிரியே தெரியும். ஆனால் அது தாழ்வான பள்ளத்தில் ஓடாது, சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒட்டியே மேட்டோரம் போகும்.

காப்புக்காட்டுக்குள் புலப்படம் உதவாது. அங்கே சர்வே ஆஃப் இந்தியாவின் (மத்திய அரசின் நில அளவைத் துறை) 1:50,000 வரைபடத் தாள்தான். தாள் எண் பழனிக்கு 58 எஃப்/11, கொடைக்கானலுக்கு 58 எஃப்/8. 2 செ.மீ. என்றால் 1 கி.மீ., சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடு 'வி' போல வளைந்து கூர்முனை மேட்டைப் பார்த்தால் அங்கே ஓடை. பள்ளத்தைப் பார்த்தால் அது முகடு. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு முகட்டில் ஓடை வரைந்தவர்கள் உண்டு.

பழைய தாளை ஸ்கேன் செய்து ஜிபிஎஸ் புள்ளிகளை அப்படியே மேலே போட்டால் ஓடையை விட்டு விலகி விழும். இடத்தின் ஆயத்தொலைவைக் கணக்கிட இரண்டும் எடுத்துக்கொள்ளும் அடிப்படை (datum) வேறு. மாற்றிவிட்டுப் போடுங்கள்.

மஞ்சளாறு:
பேர்க் குழப்பம் இங்கே மட்டும் இல்லை. தேனி மாவட்டம் ராயப்பன்பட்டிப் பக்கம் இன்னொரு சண்முகநதி இருக்கு, அது வைகைப் படுகை. பெரியகுளத்து வராகநதி ஒன்று, செஞ்சிப் பக்கத்துச் சங்கராபரணிக்கும் வராகநதி என்றே பேர். கல்லாறுகளை எண்ணி மாளாது. ஒரே தண்ணீருக்கு இரண்டு பேரும் உண்டு: ஒட்டன்சத்திரத்துக்கு மேலே பரப்பலாறு, கீழே நங்காஞ்சியாறு, நீலகிரியில் பைக்காரா இறங்கி மாயாறாகிறது. பேரோடு 'எந்த ஆற்றில் கலக்கிறது' என்பதையும் அடைப்பில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

ஓடைக்கரை:
புரிந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் திருத்தலாமா? ஒரே கோட்டில் இரண்டு பேரையும் சாய்கோடு போட்டு எழுதலாமா?

புலப்படம்:
வேண்டாம். கூடுமிடத்தில் கோட்டைப் பிரித்து மேல்துண்டுக்கு ஒரு பேர், கீழ்த்துண்டுக்கு ஒரு பேர் கொடுங்கள். இரண்டு துண்டும் ஒரே புள்ளியில் ஒட்டியிருக்கணும், இல்லையென்றால் ஆறு அறுந்துபோகும். மலையிலிருந்து கீழ்நோக்கியே வரையுங்கள். கோட்டின் திசைதான் அங்கே நீரோட்டத்தின் திசை.