கடைக் கணினிக்குக் கம்பியில்லா மவுஸ் சரிவருமா?

கேள்வி: வித்தியாலயம் வீதித் தட்டச்சு நிலையம்

வணக்கம். திருகோணமலை வித்தியாலயம் வீதியில் தட்டச்சு, போட்டோக்கொப்பி, அழைப்பிதழ் வடிவமைப்பு செய்யும் சிறிய கடை நடத்துகிறேன். மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் நான் காலையிலிருந்து கடை பூட்டும்வரை திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா நோட்டீசும் வடிவமைக்கிறேன். மற்ற இரண்டிலும் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் விண்ணப்பப் படிவங்களைத் தட்டச்சு செய்வார்கள். அவசரமென்றால் வாடிக்கையாளர்களும் தாங்களே உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்து அச்செடுத்துக்கொண்டு போவார்கள்.

வயர் மவுஸ் எனக்கு வெறுத்துவிட்டது. என் மேசையில் கத்தரிக்கோல், பசை, லமினேற்றிங் தாள், வெட்டிய படங்கள் எல்லாம் பரந்து கிடக்கும். வயர் அதற்குள் போய்ச் சிக்கும். ஒரு எழுத்தின் ஓரத்தைப் பிடித்து மயிரிழை அளவு நகர்த்தும் நேரத்தில் வயர் மேசை விளிம்பில் தட்டி நின்றால் எழுத்து எங்கோ போய்விடுகிறது. மற்ற இரண்டு மேசைகளிலும் வயர் மவுசுக்குள் நுழையும் இடத்தில் முறிந்துபோய், அசைத்தால் வேலை செய்யும், விட்டால் நிற்கும்.

மூன்றுக்கும் கம்பியில்லாத மவுஸ் வாங்கிவிடலாம் என்று யோசிக்கிறேன். தம்பி வேண்டாம் என்கிறான். பற்றரிச் செலவு ஒருபுறம், இந்த உப்புக்காற்றில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பது மறுபுறம். எனக்கு வலது மணிக்கட்டும் மாலையில் வலிக்கிறது; வயர் இல்லாவிட்டால் அது குறையுமா? பாவித்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நானே வாசித்துவிட்டேன்.

பதில்: கோணேசபுரி மாணவன்

அக்கா, நான் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். புளூடூத் மவுஸ் வைத்திருக்கிறேன். என் மடிக்கணினியில் யூ.எஸ்.பி. துளைகள் குறைவு, அதனால் மவுஸின் அலையை வாங்கும் ரிசீவரைத் தனியாகச் செருகத் தேவையில்லாதது எனக்குப் பெரிய வசதி. நிலாவெளி வீதி பஸ்ஸில் பையை மடியில் வைத்து வரும்போது வெளியே துருத்திக்கொண்டு ஒன்றும் இல்லை. முறியும் என்ற பயமும் இல்லை.

குறை ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது தூங்கிவிடும். மறுபடி அசைத்தால் உடனே எழும்பாது, ஒரு கணம் திரையில் ஒன்றும் நடக்காது. பாடக்குறிப்பு வாசிக்கிற எனக்கு அது பரவாயில்லை. வடிவமைப்பு வேலைக்கு எரிச்சலாக இருக்கும். உங்கள் மேசைக் கணினிகளில் புளூடூத் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். பழைய கணினிகள் பலவற்றில் இருக்காது.

பதில்: உப்புவெளி பழுதுபார்ப்பவர்

தங்கச்சி, உங்கள் தம்பி உப்புக்காற்றைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது எந்த இடத்தைத் தாக்குகிறது என்று தெரிந்துகொண்டால் வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. நான் உப்புவெளியில் கணினி திருத்துகிறேன். கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இந்தத் தொழில் செய்பவனுக்கு எது முதலில் துருப்பிடிக்கும் என்பது மனப்பாடம். என் மேசைக்கு வரும் கம்பியில்லா மவுஸ்களில் வானலைப் பகுதி கெட்டு வந்தவை மிக அரிது. பெரும்பாலும் பற்றரி அறைதான்.

மூடியைக் கழற்றினால் மறை முனையைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் அடிவளையத்தில் முதலில் பழுப்பாக ஒரு கோடு விழும். உப்புத் துகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரி காலத்தில் அந்த ஈரம் காய்வதே இல்லை. இதற்கு மேல், தீர்ந்துபோன பற்றரியை உள்ளேயே விட்டுவிட்டால் அது கசியும். அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அது வெளியே வந்து காற்றுப்பட்டு வெள்ளைத் தூளாகப் படியும், ஸ்பிரிங்கைத் தின்னும், சில மவுஸ்களில் சுற்றுப் பலகை வரைக்கும் ஊர்ந்து போய்விடும். அந்தத் தூளை விரலால் தொடாதீர்கள். பருத்தி சுற்றிய குச்சியில் ஒரு துளி வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் தடவுங்கள். மெல்ல நுரைத்து அடங்கும். பிறகு அற்ககோலால் துடைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் புதிய பற்றரி போட வேண்டும். ஸ்பிரிங்கின் பூச்சு போய்விட்டிருந்தால் ஈயப் பற்று வைத்துக் கொடுப்பேன். அது நெடுநாள் நிற்கும்.

ஆகவே கடையைச் சில நாட்கள் பூட்டுகிறீர்கள் என்றால் பற்றரியை வெளியே எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் சிறிய சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. சுவிச் நின்றாலும் பற்றரி கசியும்.

செலவைப் பற்றி: மீள்மின்னேற்றும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்டுப் பற்றரி இரண்டும் ஒரு மின்னேற்றியும் வாங்கிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். அவை 1.2 வோல்ற்றுத்தான், சாதாரணப் பற்றரி 1.5 வோல்ற்று. பெரும்பாலான மவுஸ்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். மின்னளவு காட்டும் விளக்கு மட்டும் முன்கூட்டியே "தீரப்போகிறது" என்று பயமுறுத்தும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒன்று மவுசுக்குள், ஒன்று மின்னேற்றியில் இருக்கட்டும்.

கம்பியில்லாதது கையசைவுக்குத் தாமதமாகத்தான் நகரும் என்று நிறையப் பேர் பழைய கதையைச் சொல்கிறார்கள். சாதாரண வயர் மவுஸே கணினிக்குத் தன் நிலையை வினாடிக்கு 125 தடவைதான் சொல்கிறது, அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. 2.4 கிகாஹேர்ட்ஸ் வானலையில் இயங்கும் ரிசீவரோடு வரும் ஓரளவு நல்ல மவுஸ் அதற்கு ஈடாகவே வேலை செய்யும். அழைப்பிதழ் வடிவமைக்கும் கை அந்த வித்தியாசத்தை உணராது. வளாகத்தில் படிக்கும் தம்பி மேலே சொன்ன அந்த எழும்பாத குறை புளூடூத்தில்தான் கூடுதலாகத் தெரியும். உங்களுக்கு ரிசீவர் உள்ளதே பொருத்தம்.

இனி என் கருத்து. உங்கள் வடிவமைப்பு மேசைக்கு மட்டும் கம்பியில்லாததை வாங்குங்கள். பலர் கைபடும் மற்ற இரண்டு மேசைகளுக்கும் வயர் உள்ளதே இருக்கட்டும். பொது மேசையில் பற்றரி தீர்வதை யாரும் கவனிக்கமாட்டார்கள். பரீட்சை விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அது நிற்கும். நகத்தளவு ரிசீவரை யாராவது பென்டிரைவ் என்று நினைத்துப் பிடுங்கினால் திரும்பக் கிடைக்காது. மலிவான மவுஸ்களில் ரிசீவரும் மவுசும் தொழிற்சாலையிலேயே இணைத்து வருபவை. ஒன்று தொலைந்தால் மற்றதை எறிய வேண்டியதுதான். சில நிறுவனங்கள் ரிசீவரை மட்டும் தனியாக வாங்கி மறுபடி இணைக்க வழி வைத்திருக்கின்றன. வாங்கும்போதே அதைக் கேளுங்கள்.

வயர் மவுஸைப் பொறுத்தவரை, அந்தக் கழுத்தில் முறிவதற்காக அதை எறியாதீர்கள். கொண்டுவாருங்கள். முறிந்த பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உள்ளே பற்றவைத்தால் புதியதுபோல ஓடும். பெரும்பாலும் உள்ளே நான்கு கம்பிகள்தான். நிறத்தை மட்டும் நம்பிப் பற்றவைக்கக் கூடாது, மலிவுச் சரக்கில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே வைப்பேன். விண்டோஸ் மறுபடி போடப் போகும்போதும் என் பையில் ஒரு வயர் மவுஸ் இருக்கும், ஏனென்றால் புளூடூத் மவுஸ் அந்த நேரத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது.

மணிக்கட்டு வலி வயரால் வருவதில்லை. கையை நீட்டி, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, மேல்நோக்கி வளைத்துப் பிடிப்பதால் வருகிறது. வயர் இல்லாவிட்டால் மவுஸை உடம்புக்குக் கிட்ட இழுத்து வைக்கலாம். அந்த அளவுக்கு உதவும். முழங்கை உயரத்துக்கு மேசை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஏஏ பற்றரி மட்டும் சுமார் 23 கிராம். இரண்டு பற்றரி போடும் மவுஸை நாள் முழுவதும் தூக்கித் தூக்கி வைப்பது உங்கள் கைக்கு நல்லதல்ல, ஒரு பற்றரி போடுவதையே தேடுங்கள். இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகிறது என்றால் மவுஸை விட்டுவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

பதில்: மூதூர் ஆசிரியை

பொது மேசைக்கு வேண்டாம் என்று அண்ணா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். வகுப்பறை என்று வரும்போது என் அனுபவம் வேறு, அதையும் எழுதிவிடுகிறேன்.

புரொஜெக்டரில் பாடம் காட்டும்போது கம்பியில்லா மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்குகளுக்கு இடையே நடப்பேன். விடையைத் தெரிவு செய்ய முன்னுக்கு வரக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பிக்கு மேலே மவுஸை வைத்து "நீங்கள் அழுத்துங்கள்" என்று சொன்னால், அந்தப் பிள்ளை எழும்பாமலே சரியான படத்தைத் தொட்டுவிடும். திரையில் அம்புக்குறி தயங்கித் தயங்கிப் போய் நிற்கும். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அதை வயர் மவுஸ் தராது.

பின்வாங்கில் சில நேரம் அம்புக்குறி விக்கும். மனித உடம்பில் நீர் அதிகம் என்பதால் மவுஸின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை அது மறைத்துவிடுகிறது; நாற்பது பிள்ளைகள் நடுவில் இருந்தால் பெட்டியில் எழுதியிருக்கும் 10 மீற்றர் கிடைக்காது. யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் ஒன்றில் ரிசீவரைச் செருகி மேசைக்கு மேலே, எல்லோர் தலைக்கும் உயரமாக வைத்தேன். விக்கல் நின்றுவிட்டது.

மீண்டும் கேட்டவர்: வித்தியாலயம் வீதித் தட்டச்சு நிலையம்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. ரீச்சர் எழுதியதை வாசிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. அண்ணா சொன்னபடி என் மேசைக்கு மட்டும் ஒன்று வாங்குகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள்.

சிநேகிதி ஒருத்தியின் கம்பியில்லா மவுஸை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். முதலில் நன்றாக ஓடியது. வெளிவன்தட்டிலிருந்து திருமணப் படங்களைப் பிரதியெடுக்கத் தொடங்கியதும் அம்புக்குறி துள்ளித் துள்ளி ஓடியது. பிரதியெடுத்து முடிந்ததும் சரியாகிவிட்டது. மவுஸில் பிழையா, கணினியில் பிழையா?

மற்றது, வாடிக்கையாளர்கள் வங்கிக் கடவுச்சொல் எல்லாம் தட்டுகிறார்கள். கம்பியில்லாததை யாராவது வெளியிலிருந்து ஒட்டுக்கேட்க முடியுமா?

பதில்: உப்புவெளி பழுதுபார்ப்பவர்

இரண்டிலும் பிழையில்லை, தங்கச்சி. ரிசீவரையும் வன்தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள், உள்ளே நீல நிறம் தெரியும் துளைகளில். அவை யூ.எஸ்.பி. 3.0. அந்த வேகத்தில் தரவு ஓடும்போது வயரிலிருந்தும் செருகியிலிருந்தும் வானலை இரைச்சல் கசிகிறது. அது சரியாக 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கமும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012 இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை கறுப்பு நிறத் துளைக்கு மாற்றுங்கள், முன்பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ரீச்சர் செய்ததுபோல நீட்டிப்பு வயரில் வைத்து வன்தட்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளிவிடுங்கள்.

ஒட்டுக்கேட்பது பற்றி: கடவுச்சொல் தட்டுவது விசைப்பலகையில். ஆகவே உங்கள் விசைப்பலகைகள் வயரோடு இருக்கும்வரை மவுஸின் அசைவைக் கேட்டு யாருக்கும் கடவுச்சொல் கிடைக்காது. ஆனாலும் 2016 இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு ஓட்டையைக் காட்டியது. புளூடூத் அல்லாத பல நிறுவனங்களின் ரிசீவர்களுக்கு, மவுஸ் அனுப்புவதுபோலப் பாவனை செய்து, விசை அழுத்தங்களை வெளியிலிருந்தே அனுப்ப முடிந்தது. மவுஸ்ஜாக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சில நிறுவனங்கள் ரிசீவருக்குத் திருத்தம் வெளியிட்டன, பல மலிவு ரிசீவர்களைத் திருத்தவே வழியில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் இரண்டு கணினிகளிலும் வயர் இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மேசையிலும், எழும்பிப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

வாங்கப் போகும்போது கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பளபளப்பாக, விரலால் அமுக்கினால் திடமாகத் திரும்பி வர வேண்டும். மூடி ஆடக் கூடாது. ஆடினால் உப்புக்காற்று நேரே உள்ளே போகும். ரிசீவரை வைப்பதற்கு மவுசுக்குள்ளேயே ஒரு குழி இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இருக்கும். தொலைபேசிக் கமராவைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். பெயர் அட்டைகளையும் விலைப்பட்டியலையும் வைத்துக் கண்ணாடி போட்ட மேசை உங்களுடையது என்றால், எந்த மவுஸ் வாங்கினாலும் கீழே ஒரு துணி விரிப்பு வேண்டும். கண்ணாடி மேல் பெரும்பாலான மவுஸ்களின் ஒளிக்கண்ணுக்கு ஒன்றும் சரியாகப் பிடிபடாது.

முறிந்த இரண்டு வயர் மவுஸ்களையும் ஒரு பையில் போட்டு உப்புவெளிப் பக்கம் வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நாளைக்கே பற்றவைத்துத் தருகிறேன்.