பழைய வீட்டின் முகப்பு: வேலை சுவரின் காலில் தொடங்குகிறது

கொத்து வேலை, கும்பகோணம் பக்கம்

பெயின்ட் அட்டையை ஓரமாக வையுங்கள். தெருவில் நின்று முதலில் அடிச்சுவரைப் பாருங்கள். இரண்டடி, மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், என்ன விலைக்கு பெயின்ட் வாங்கி அடித்தாலும் ஒரு ஐப்பசி கார்த்திகை தாங்காது.

நம் பக்கத்துப் பழைய சுவர்களில் ஓதத்தை, அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அடியில் கிடையாது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடினால் நிலத்தடி நீர் உயரும், செங்கல் அதை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை இருந்தவரை அந்த ஈரம் காற்றில் போய்விடும். மேலே சிமென்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்தில் வெளியே வருகிறது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. ஓதத்தை மறைக்க நான்கடிக்கு எலிவேஷன் டைல்ஸ் ஒட்டுவதும் இதே தவறுதான். ஆறு மாதத்தில் டைல்ஸுக்கு மேலே கறை தெரியும்.

செய்ய வேண்டியது இது. கறை தெரியும் கோட்டுக்கு மேல் இரண்டடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் சந்துகளை அரை அங்குல ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். அப்படியே மூன்று மாதமாவது காய விடுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகிறது, வேலை கெடுவதும் இங்கேதான். தையில் கொத்தினால் சித்திரை கடைசியில் பூசலாம். மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு வந்து நிலம் ஊறுவதற்குள் முதல் கை, அதாவது முதல் பூச்சு முடிந்திருக்க வேண்டும்.

சாந்து: அடிச்சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, நன்றாகச் சலித்த செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. மேல் சுவருக்குச் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று போதும். சுண்ணாம்பு தண்ணீரில் குறைந்தது இரண்டு வாரம் ஊறியிருக்க வேண்டும். நீறாத கட்டி உள்ளே இருந்தால் பூசிய பிறகு நீறி, பூச்சில் சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். முதல் கை 12 மில்லிமீட்டர், கீறி விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாம் கை 6 முதல் 8 மில்லிமீட்டர். சித்திரை வெயிலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காப்பாற்றுங்கள். சீக்கிரம் காய்ந்தால் மாவாக உதிரும். சாந்து குழைக்க நல்ல தண்ணீர் தேவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், நாமே சுவருக்குள் உப்பு வைத்துப் பூசியதாகிவிடும்.

வீட்டுக்காரர், மயிலாடுதுறை

அண்ணே, ரோடு எங்கள் திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மழைத் தண்ணீர் வாசலில் நிற்கிறது. வாசலையும் மண் கொட்டி உயர்த்தலாமா?

கொத்து வேலை, கும்பகோணம் பக்கம்

வேண்டாம் தம்பி. சுவரை ஒட்டி மண் ஏற்றினால் ஓதம் அந்த உயரத்திலிருந்து ஏற ஆரம்பிக்கும். பழைய கடைக்கால் தெரியும்வரை சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள், அதன் மேல் சிமென்ட் தளம் போடாதீர்கள். அதற்கு வெளியே வாசல் தரை நான்கு அடிக்கு ஒரு அங்குலமாவது சுவரை விட்டுச் சரிய வேண்டும். ரோட்டை ஒட்டி முக்கால் அடி அகலக் கால்வாய் கட்டி, தூக்கி எடுக்கிற மாதிரி பலகைக் கல் மூடுங்கள். கான்கிரீட் போட்டு மூடினால் முதல் மழையில் சருகு அடைத்துக்கொள்ளும், தூர் வார முடியாது. உறிஞ்சுகுழியை நம்பாதீர்கள். நம் களிமண்ணில் கார்த்திகையில் குழியே நிரம்பி நிற்கும்.

மர வேலை, திருவையாறு

திண்ணைத் தூண் தேக்காக இருந்தால் மேலே ஏறியிருக்கும் எனாமலை எடுத்தாலே முகப்பு பாதி மாறிவிடும். காஸ்டிக் சோடா போடாதீர்கள், தேக்கு கறுத்துப்போகும். ஹீட் கன் மெதுவாகக் காட்டி, இளகியதும் சுரண்டியால் எடுக்கலாம். ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். கருகும் அளவுக்குச் சூடாக்கினால் அந்தப் புகை ஆபத்து. உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் போட்டு ஈரமாகத் தேயுங்கள், முகமூடி கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. சுரண்டிய தூளை வாசலில் கூட்டித் தள்ளாமல் பையில் கட்டுங்கள்.

பிறகு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). முதல் கைக்கு ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி, அடுத்த இரண்டு கை வெறும் ஆயில். ஒவ்வொரு கைக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள். பூசிக் கால் மணி நேரத்தில் மிஞ்சியதைத் துடைத்துவிடாவிட்டால் பிசுபிசுப்பாக நின்று தெருத் தூசி முழுவதும் ஒட்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப் போட்டபின் எறியுங்கள்.

தூணின் கால் கல்லின் மேல்தான் நிற்க வேண்டும். திண்ணைக்குப் புதுத் தளம் போடும்போது அந்தக் கல்லையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். கழுவும் தண்ணீர் தேங்கி மரம் அடியிலிருந்து உளுக்கும்.

ஓட்டு வேலை, மன்னார்குடி

தெருவிலிருந்து பார்க்கும்போது தாழ்வாரக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்திருந்தால் சட்டத்தின் நுனி உளுத்திருக்கிறது. ஓட்டை மட்டும் மாற்றினால் கோடு நேராகாது. முன்வரிசையைப் பிரித்து நுனிகளை மாற்றிவிட்டுத்தான் மேய வேண்டும். சீமை ஓட்டுக்கு ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குக் கட்டை) இடைவெளி சுமார் பன்னிரண்டரை அங்குலம், நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு. உங்கள் ஓட்டை வைத்தே அளந்துகொள்ளுங்கள், ஆலைக்கு ஆலை மாறும். உடைந்தவற்றுக்குப் புது ஓடு வாங்கினால், அதைப் பின்புறம் போட்டு, பின்புறத்துப் பழைய ஓட்டை முன்பக்கம் கொண்டுவாருங்கள். நிறம் ஒட்டும். ஓட்டுக்கு பெயின்ட் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், உரியும்போது பார்க்கச் சகிக்காது.

கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று இருந்தால் வெட்டிவிட்டுப் போகாதீர்கள், வேர் பருத்து மறுபடி துளிர்க்கும். இரண்டு வரி செங்கல்லைப் பிரித்து வேரை முழுசாக எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்டுங்கள்.

வீட்டுக்காரர், மயிலாடுதுறை

நன்றி அண்ணே. மேல் சுவரில் பழைய எமல்ஷன் இருக்கிறது. அதன் மேலேயே வெள்ளையடிக்கலாமா?

கொத்து வேலை, கும்பகோணம் பக்கம்

பிடிக்காது, செதிலாக உரியும். சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் வெள்ளையடிக்கலாம், முத்தாக உருண்டு ஓடினால் எமல்ஷனை முழுக்கச் சுரண்ட வேண்டும். வெள்ளைக்கு ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் முழுக்க வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். 10 லிட்டர் கலவைக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள், நீலம் ஒரு சிட்டிகை. நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கை, பால் பதத்தில். அடிக்கும்போது ஈரமாக, வெளுப்பில்லாமல்தான் தெரியும். காய்ந்த பிறகுதான் வெளுக்கும். அதைப் பார்த்துவிட்டு முதல் கையிலேயே கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். திண்ணை முகத்துக்குக் காவிப் பட்டை போடுவதானால் மூன்றாவது கை நன்றாகக் காய்ந்த பிறகு நூல் பிடித்துப் போடுங்கள்.