இரண்டு தரப்புப் புகார் உள்ள அடிதடி வழக்கை எப்படி எழுதுவது?

குழுவில் வக்கீல்களும் கோர்ட் செய்தி எழுதிய மூத்தவர்களும் இருப்பதால் கேட்கிறேன். திருமங்கலம் பக்கம் ஒரு வரப்புத் தகராறு. ஒருவர் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அடித்தவரோ, "அரிவாளோடு வந்தார், மண்வெட்டிக் காம்பால் தடுத்தேன்" என்கிறார். இரண்டு பேர் மேலும் வழக்கு. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ, காம்பை ஓங்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை எடுத்தவர் யாரும் இல்லை, அல்லது இருந்தும் தரவில்லை.

எங்கள் வார இதழின் பக்க வடிவமைப்பில் கட்டுப்போட்ட கை பெரிய படம். மற்றவருக்கு, ஸ்டேஷன் சுவரோரம் நிற்கவைத்து எடுத்த படம். இதைப் பார்த்தபின் மூன்றாவது பத்தியில் அவர் விளக்கத்தை யார் படிப்பார்கள்? இரண்டு படங்களையும் நீக்கிவிடலாம் என்றேன். ஆசிரியருக்கு மனமில்லை.

சட்டம் ஓரளவு தெரியும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை, பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106. தேவைக்கு மேல் அடித்தால் அந்த உரிமை நிற்காது. சரி, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேண்டியது வேறு. எதிர்ப்புகாரின் எஃப்ஐஆர் இணையத்தில் அகப்படவில்லை, ஸ்டேஷனில் கேட்டால் "நாளைக்கு வாங்க". மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டால் வழக்கில் சம்பந்தப்படாத எனக்குத் தருவார்களா? அடித்தவருக்கும் காயம் உண்டா என்பதை எப்படி உறுதிசெய்வது? அப்புறம், அவருடைய வக்கீல் பேச மறுக்கிறார். பேசாதவர் பக்கத்தை எப்படி எழுதினீர்கள்? பழைய கட்டிங் இருந்தால் அனுப்புங்கள் அண்ணே, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.