நாம் தைத்துக் கொடுத்ததை வீட்டில் என்ன செய்தார்கள்? – அனுபவப் பகிர்வு

பாம்பன் மருமகள்:

வெட்டுத்துணியில் ஒட்டுப்போட்டு நான் பை தைப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். மாமியாருக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தேன். நீலமும் காவியும் முக்கோணம் முக்கோணமாக வெட்டி, முனைகள் சரியாகச் சேரும்படி வைத்து, உள்ளே லைனிங்கும் கொடுத்தது. "நல்லாத்தான் இருக்கு தாயி" என்று வாங்கிக்கொண்டார். அப்புறம் பை கண்ணிலேயே படவில்லை. சின்னப்பாலம் கரையில் கடல்பாசி எடுத்துவிட்டு ஏறி வந்த பெண்களுக்கு நடுவே பார்க்கிறேன், அத்தை இடுப்பில் என் பை. அடிப்பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்துவிட்டுப் பழைய வலைத்துண்டை வைத்துத் தங்கூசி நைலான் நரம்பால் தைத்திருக்கிறார். உள்ளே மரிக்கொழுந்துப் பாசி பிதுங்குகிறது, தண்ணீர் சொட்டுகிறது. விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே, "தண்ணி வடியணும்ல, இப்பத்தான் தோதா இருக்கு" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் அந்தத் தையல் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு கண்ணியையும் துணியோடு சேர்த்து ஒரு முடிச்சு, எல்லாம் ஒரே இடைவெளி. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த முக்கோணங்கள் பாதி போய்விட்டன. கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

கீழக்கரை ராத்தா:

கோபப்படாதீங்க. வெட்டியது அவர் கை, அவர் பை. எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

வாப்பா மவுத்தான பிறகு உடுப்பையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம். நாலைந்து கைலியை மட்டும் உம்மா கொடுக்கவில்லை. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, பழைய பருத்திச் சேலை ரெண்டை அடியில் வைத்து உம்மாவுக்கு ஒரு போர்வை தைத்தேன். உம்மாவிடம் கேட்டுத்தான் வெட்டினேன். தங்கச்சி சென்னையிலிருந்து வந்தாள். போர்வையை விரித்துக் காட்டினால், பச்சைக் கட்டம் போட்ட சதுரத்தில் கை வைத்துக்கொண்டு, "எந்தக் கத்திரியால வெட்டுனே?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் கத்திரியை எடுத்து வந்து அவள் கையிலேயே கொடுத்தேன். அதை ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

உம்மா அந்தப் போர்வையை விட்டு வேறு எதிலும் படுப்பதில்லை. தங்கச்சி இப்போதும் அதைத் தொடுவதில்லை. எனக்கு இருவர் மேலும் வருத்தமில்லை, ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஏர்வாடி தையல்காரி:

பாம்பன் மருமகளுக்கு: உங்கள் மாமியார் செய்ததுதான் சரி. கடலுக்குள் இறங்குகிறவருக்கு லைனிங் வைத்த பையா? ரெண்டு துணிக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் இடுப்பைப் பிடித்து இழுக்காதா?

என் கதை சின்னது. கல்லூரிக்குப் போகிற மகளுக்குப் பித்தளைப் பல் ஜிப் வைத்த பை தைத்துக் கொடுத்தேன். பரீட்சை நாளில் ஹால் டிக்கெட் உள்ளே மாட்டிக்கொண்டது, ஜிப் பச்சை பூத்து அசையவில்லை. பஸ்ஸில் இருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தர் பிளேடு கொடுத்து உதவினார்.

அதனால் சொல்கிறேன், நம் கரையில் உலோக ஜிப் வைக்காதீர்கள். நைலான் ஜிப் வாங்குங்கள். ரன்னரில் அவ்வப்போது மெழுகுவத்தியைத் தேய்த்து விடுங்கள். நூல் பாலியஸ்டர்தான் போட வேண்டும், பருத்தி நூல் உப்பிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும். சாதாரணத் துணிக்கு 14-ம் நம்பர் ஊசி போதும், ஜீன்ஸுக்கு 16, கேன்வாஸுக்கு 18. காடாத் துணியை ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்து, சுருங்கிய பிறகு வெட்டுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள்ளே பெருக்கல் குறி போட்டுத் தைத்தால் அரிசி வாங்கினாலும் பிய்யாது. போர்வைக்குப் பஞ்சு வைக்க வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சேலை மேல் சேலையே போதும். துவைத்த பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். உப்பு தங்கிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயில் அடித்தாலும் பிசுபிசுப்பு போகாது.

தொண்டி:

நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தெருவில், ஈரம் ஏறினால் ரெண்டு ஆள் தூக்குகிற போர்வையை மூன்று தடவை அலசச் சொல்கிறீர்களே. ஊசி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தண்ணீர் விஷயத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வரும்போது நாங்கள் மொட்டை மாடியில் விரித்துப் போட்டு உப்பை எடுத்துவிடுகிறோம்.

அண்ணன் மகள் பிறந்தபோது என் அப்பத்தாவின் சுங்குடிச் சேலையில் ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்தேன். பீரோவைத் திறக்கச் சொல்லி மதினி என்னை அனுப்பியபோது பார்த்தேன், மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் அந்துருண்டை. பிள்ளை ரப்பர் ஷீட்டில் படுத்திருக்கிறது, முதுகெல்லாம் வேர்க்குரு. "அழுக்காயிருமே, நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுத் தச்சது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்கு மேல் என்ன பேசுவது? பாம்பன் மருமகளே, உங்கள் பை கடலுக்குள்ளாவது போகிறது.

ராமேஸ்வரம் தம்பி:

எனக்குத் தைக்கத் தெரியாது, இது அப்பாவைப் பற்றியது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும். அப்பா கிழிந்த வலையைப் பொத்துவார், அதுவும் முடிந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகித் திருப்பூர் போன அக்கா பாதியில் விட்டுப்போன சேலைப் போர்வை மூலையில் கிடந்தது. ஒரு மத்தியானம் அதை எடுத்து மடியில் போட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டார். சாக்பீஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. வலைக்கண் அளப்பதுபோல் விரலை வைத்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகிறார், கோடு ஒரு நூல் விலகவில்லை. அக்கா தைத்த பாதி வளைந்து போயிருக்கும்.

கூடக் கடலுக்குப் போகும் மாமா ஒருத்தர் வாசலில் கூப்பிட்டார். அப்பா சட்டென்று போர்வையைச் சுருட்டி வலைக்குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. வலையும் ஊசியால்தானே பொத்துகிறார், அதைத் தெருவில் உட்கார்ந்தே செய்கிறாரே.

போர்வை முடிந்து திருப்பூருக்குப் போய்விட்டது. அக்கா வீடியோவில் பிரித்துக் காட்டினாள், அப்பா போனை வாங்கித் தையலை மட்டும் கிட்டத்தில் காட்டச் சொன்னார். அடுத்த தடைக்காலத்துக்கு இன்னொன்று தைக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏர்வாடிக்கா, ஒன்று சொல்லுங்கள்: பழைய பருத்திச் சேலை எத்தனை அடுக்கு வரை கை ஊசி சிரமமில்லாமல் இறங்கும்? சிந்தெடிக் வேண்டாம் என்கிறார், ஊசி வழுக்குகிறதாம்.