பழைய ஆன்டெனாவில் பொதிகை வரவில்லை, அப்பாவுக்கு என்ன வழி?

கேள்வி (மன்னார்குடிப் பக்கம்)

அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். வீட்டில் பழைய ட்யூப் டிவி, மாடியில் அலுமினிய ஆன்டெனா. பொதிகை செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் போதும் அவருக்கு. இப்போது திரை முழுக்கப் புள்ளிதான். நடுவில் கேபிள் போட்டோம், காற்றடித்தால் ஒயர் அறுந்துவிடும், ஆள் வர ஒரு வாரம் ஆகும், பணம் மட்டும் மாதாமாதம் போகும். நிறுத்திவிட்டோம். நான் திருப்பூரில் இருக்கிறேன். ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் படம் வருமா? புது டிவிதான் வாங்க வேண்டுமா?

பதில் (கும்பகோணம்)

திருப்பிப் பயனில்லை. இந்த மாதிரி ஆன்டெனாவுக்குப் படம் அனுப்பிய பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைத் தூர்தர்ஷன் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டது. பொதிகை என்ற பெயரும் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறிவிட்டது, தேடும்போது அப்பா குழம்பாமல் சொல்லிவையுங்கள்.

பதில் (வேதாரண்யம், டிவி மெக்கானிக்)

தம்பி, ஆன்டெனாவைக் கழற்றி வையுங்கள், பைப்பாவது உதவும். டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை அது. டிஷ், பாக்ஸ், ஒயர், கூலி சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிதான் 2004 முதல் இதை நடத்துகிறது. டிவியையும் மாற்ற வேண்டாம். பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பாக்ஸோடு வரும் அதே நிற ஒயரைச் செருகி, டிவி ரிமோட்டில் ஏவி-யில் வைத்தால் போதும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இதில் கட்டணச் சேனல் எதுவும் வராது, இந்திச் சேனல்கள்தான் நிறைய. சீரியல் பார்க்கிற வீட்டுக்கு நானே இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவுக்குச் சரியாக இருக்கும்.

இந்த இலவச ஒளிபரப்பை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிவிட்டது, ஆனால் அந்தப் படம் எங்கள் கடற்கரைக்கு எட்டவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு ஆன்டெனா ஏறியதே இலங்கை அரசு டிவியான ரூபவாஹினிக்காகத்தான். அது 1982 பிப்ரவரியில் வந்தது. அவர்கள் டிரான்ஸ்மிட்டர் பிதுருதலாகல மலை உச்சியில், 2,500 மீட்டருக்கு மேல். நடுவில் அதைவிட உயரமாக ஒன்றுமில்லை, நிலமும் கடலும்தான். சித்திரை, வைகாசி வெயிலில் சாயங்காலம் ஆனால் படம் கண்ணாடி மாதிரி நிற்கும். காற்று மாறினால் போய்விடும். பிறகு கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோரும் மேற்கே திருப்பினார்கள். நாங்கள் ஒரே பைப்பில் இரண்டு ஆன்டெனா கட்டினோம், தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. பைப்பைப் பிடித்துத் திருப்ப மேலே ஒருவர், வாசலில் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்த ஒருவர். கூலிக்காரர் வீட்டிலும் பண்ணையார் வீட்டிலும் ஒரே படம்தான் தெரிந்தது. டிவி வாங்கக் காசு வேண்டும், படத்துக்கு வேண்டாம். கேபிள், 1993-இல் சன் டிவி என்று வந்தபின் படத்துக்கும் மாதாமாதம் காசு என்றாகிவிட்டது. கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும். விதை, மழை, அணைத் தண்ணீர் பற்றிய செய்தி ஒரு விவசாயி வீட்டுக்குப் பணம் கட்டாமல் வந்து சேர வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணே. வீட்டைச் சுற்றித் தென்னை. டிஷ் சிக்னலை மறைக்காதா?

பதில் (வேதாரண்யம், டிவி மெக்கானிக்)

மறைக்காது. இந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நம் ஊருக்குத் தென்கிழக்கில், ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல் என்று வையுங்கள். டிஷ்ஷுக்கு மேலே, தென்கிழக்குப் பக்கம் மட்டை கவியாமல் இருந்தால் போதும். மொட்டைமாடியில் சிமென்ட் போட்டு போல்ட் அடிக்கச் சொல்லுங்கள், வெறும் கல்லை வைத்து நிறுத்தினால் ஐப்பசிக் காற்றுக்கு நிற்காது. பாக்ஸ் எம்பெக்-4 என்று கேட்டு வாங்குங்கள், அதில் பழைய எம்பெக்-2, புது எம்பெக்-4 என்று இரண்டு வகையில் அனுப்பும் சேனலும் வரும். அடைமழையில் படம் கொஞ்ச நேரம் போகும், மழை விட்டதும் தானாக வந்துவிடும், அப்பா ரிமோட்டைப் போட்டு அழுத்த வேண்டாம்.

பதில் (கும்பகோணம்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று. சேனல் இடங்களை ஏலம் விடுவதால் வரிசை அவ்வப்போது மாறும். திடீரென்று டிடி தமிழைக் காணோம் என்றால் பாக்ஸ் மெனுவில் ஆட்டோ ஸ்கேன் கொடுக்க வேண்டும், பாக்ஸே சேனல்களைத் திரும்பத் தேடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேட்டரி ரேடியோ ஒன்றும் வாங்கி வையுங்கள். 2018 கஜா புயலில் வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, எந்த டிஷ்ஷும் உதவவில்லை. திருச்சி வானொலி அங்கே நன்றாகவே எடுக்கும்.