போர்டு புதுசு, மானிட்டர் மட்டும் இருட்டு: உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை டிடிபி:

டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஐ5 3470 ப்ராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு. பழசுதான், என் பிழைப்புக்குப் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சிபியுவை மேஜைமேல் தூக்கி வைத்ததால் தப்பித்தது. ஆனாலும் பத்து நாள் அந்த ஈரத்திலேயே கிடந்தது அல்லவா? அதிலிருந்து அவ்வப்போது தானாக ஆஃப் ஆகும், திரும்பப் போட்டால் வரும். கடைசியில் ஒரு நாள் கருகிய வாடையோடு படுத்தேவிட்டது. திறந்து பார்த்தால், ப்ராசஸர் பக்கத்தில் இருந்த மாஸ்ஃபெட் (ப்ராசஸருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) ஒன்று வெடித்துக் கறுத்திருந்தது. மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகமும் உட்காரும் அந்தப் பெரிய போர்டை, மாற்றியே ஆக வேண்டும்.

மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். 2,200 ரூபாய்க்கு, என் ப்ராசஸருக்குப் பொருந்தும் எச்61 போர்டு ஒன்று கிடைத்தது. ப்ராசஸரையும் ரேமையும் அங்கேயே போட்டு, கடைக்காரர் அவர் மானிட்டரில் ஓடவிட்டுக் காட்டினார். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானே மாட்டினேன். பழைய போர்டைக் கழற்றும் முன்பு ஒவ்வொரு ஒயரையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ரொம்பக் கவனமான ஆள் என்று எனக்கே பெருமை. பட்டனை அழுத்தினேன். எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஃபேன் சுற்றுகிறது, ப்ராசஸர் ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு ஒரு தடவை மின்னி அணைகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்'.

சரி, ரேம்தான் என்று கழற்றி மாட்டினேன். ஒன்றை மட்டும் போட்டேன், ஸ்லாட்டை மாற்றினேன், அடுத்ததைப் போட்டேன். விஜிஏ கேபிளை மாற்றினேன். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். ப்ராசஸருக்குத் தனியாக வரும் அந்த நாலு பின் 12 வோல்ட் ஒயர் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். அதை மாட்டாமல் விட்டாலும் ஃபேன் எல்லாம் சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். என்னுடையதில் அதுவும் சரி. எதிர் டீக்கடை அண்ணன் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, "இன்னா நைனா, காலையிலேர்ந்து அத்தையே தொறந்து தொறந்து மூடிக்கினு கீற, கோயில் நடையா?" என்றார்.

அப்புறம்தான் பஸ்ஸர் நினைவுக்கு வந்தது. கறுப்பாக, சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், நாலு பின் கனெக்டரோடு வரும். முப்பது ரூபாய் இருக்கும். புது கேபினெட்டுகளில் இதைப் பெரும்பாலும் தருவதில்லை. பழைய கேபினெட் ஒன்றிலிருந்து பிடுங்கி, போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்த இடத்தில் செருகினேன். ரேம் இரண்டையும் எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். ரேம் இல்லை என்று போர்டு கத்த வேண்டும். கத்தினால் ப்ராசஸரும் போர்டும் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று அர்த்தம். கத்தவில்லை.

ஆக, ரேம் வரைக்கும் வேலை போகவே இல்லை. ஆனால் ரிச்சி தெருவில் இதே போர்டு, இதே ப்ராசஸர், இதே ரேம் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். அங்கே இல்லாமல் இங்கே இருப்பது என்ன? என் எஸ்எம்பிஎஸ், என் கேபினெட், என் கை. இந்த மூன்றில் ஒன்றுதான்.

போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டிமேல் வைத்தேன். எஸ்எம்பிஎஸ் ஒயர் இரண்டு, ஒரு ரேம், பஸ்ஸர், மானிட்டர். வேறு எதுவும் மாட்டவில்லை. பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டேன். பீப் என்று ஒரு சத்தம், மானிட்டரில் எழுத்து! சத்தியமாகச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை.

அப்படியானால் கேபினெட்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டு உட்காரும் தகட்டில் பித்தளையில் அறுகோண வடிவச் சின்னக் கால்கள் இருக்கும், ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள். பழைய போர்டு அகலமானது, எட்டு ஓட்டை. புதியது ஒடுங்கியது, ஆறே ஓட்டை. மீதி இரண்டு காலை நான் கழற்றவே இல்லை. ஒன்று போர்டுக்கு வெளியே நின்றது, அதனால் தொந்தரவில்லை. இன்னொன்று போர்டுக்கு அடியில் சரியாக ரேம் ஸ்லாட்டின் பின்பக்கம். போர்டைத் திருப்பினால் சால்டர் முனைகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு பளபளப்பான தேய்மானம். பித்தளைக் கால் கேபினெட் தகட்டோடு சேர்ந்தது, தகடு எர்த்தோடு சேர்ந்தது. நான் எத்தனை தடவை ஸ்க்ரூவை முடுக்கினேனோ அத்தனை தடவை ஷார்ட்டை இறுக்கியிருக்கிறேன்.

அந்தக் காலை மூக்குக் குறடால் திருகி எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன். ஓடுகிறது. போர்டு எரிந்து போகாதது என் நல்ல நேரம். உங்கள் கதையையும் எழுதுங்கள், படிப்பவர்களுக்குக் கொஞ்சம் மானமாவது மிஞ்சும்.

காசிமேட்டு அக்கா:

தம்பி, உங்கள் கை செய்தது உங்களோடு போனது. எனக்கு வேறொருவர் கை. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ், டீசல் கணக்கு எழுதும் ஆபீஸ் என்னுடையது. டிஸ்ப்ளே வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்த ஐந்து நிமிடத்தில் "போர்டு அவுட் மேடம்" என்றார். வேறு போர்டு போட்டார். அப்போதும் வரவில்லை. "இதுவும் டிஃபெக்ட் பீஸ்" என்று மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தார். அதிலும் இருட்டுதான்.

பாலிடெக்னிக் படிக்கிற என் அக்கா மகன் வந்து ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்கள், மழைக்காலத்துச் செப்புக் குடம் மாதிரி கறுத்து, ஓரத்தில் பச்சை. எங்கள் ஜன்னலைத் திறந்தால் நேரே கடல் காற்று. கிரில் கம்பியே இரண்டு வருஷம் தாங்காது, ரேம் எம்மாத்திரம்? பையன் பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தட்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் போட்டான். வந்துவிட்டது. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது இன்னொரு வியாதி என்றான், அதனால் தள்ளி வைத்துத் தேய்க்கவும்.

என் பழைய போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டால், அது ஸ்கிராப்பில் போய்விட்டதாம். போர்டை மாற்றச் சொன்னால், பழசை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எர்ணாவூர் கேமர்:

அண்ணா, என்னுடையது பி450 போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ப்ராசஸர் ரைசன் 5 5600. லைட் எல்லாம் திருவிழா மாதிரி எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை. போர்டு ஓரத்தில் சிபியு (ப்ராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நாலு சின்ன எல்இடி இருக்கும். எதில் நிற்கிறதோ அங்கே கோளாறு. எனக்கு சிபியு விளக்கு சிவப்பிலேயே நின்றது.

ப்ராசஸர் போய்விட்டது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விஷயம் என்னவென்றால், பி450 வந்தது 2018ல், ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். போர்டுக்குள்ளேயே இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்தான் பயாஸ். பழைய பயாஸுக்கு இந்த ப்ராசஸர் யாரென்றே தெரியாது. ஃப்ரெண்டிடம் ரைசன் 5 2600 ஒன்றை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டேன், உடனே டிஸ்ப்ளே. பென் டிரைவை ஃபேட்32ல் ஃபார்மட் செய்து, புது பயாஸ் ஃபைலை வைத்து அப்டேட் செய்தேன். நடுவில் கரண்ட் போனால் போர்டே காலி. எங்கள் ஏரியா கரண்டை நம்ப முடியாது, பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸைத் தூக்கிவந்து வைத்துக்கொண்டுதான் என்டர் தட்டினேன். அந்த நாலைந்து நிமிடம் அம்மாவை மிக்ஸிகூடப் போடவிடவில்லை.

இன்னொன்று. என் போர்டின் சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் இடம், ஏஎம்4 வகை. அதில் பின் எல்லாம் ப்ராசஸரின் அடியில், 1,331 பின். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடம் வலம் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

கொடுங்கையூர்:

நான் சின்னதாக முடித்துக்கொள்கிறேன். ஐ5 12400எஃப். எச்டிஎம்ஐயைப் போர்டில் குத்திவிட்டு மூன்று மணி நேரம் தேடினேன். 'எஃப்' என்று முடிந்தால் ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் போக வேண்டும். கண்டுபிடித்தது என் மனைவி. "அங்க இன்னொரு ஓட்டை இருக்கே, அதுல குத்திப் பாரேன்" என்றாள்.

பெரம்பூர் ரிட்டயர்டு ஃபிட்டர்:

ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை, பேரனுக்காகக் கற்றுக்கொண்டது. அவனுக்கு வாங்கிய பழைய 1155 சாக்கெட் போர்டில் இரண்டு ரேம் போட்டால் டிஸ்ப்ளே இல்லை. ஒரு ஸ்லாட்டில் மட்டும் ஒற்றை ரேம் போட்டால் வரும். ஸ்லாட் செத்துவிட்டது என்றார்கள். எனக்குத் திருப்தியில்லை. ஸ்லாட்டில் விரிசலும் இல்லை, தூசியும் இல்லை.

இந்த வகை ப்ராசஸரில் ரேமோடு பேசும் வேலை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது என்று பேரன் சொன்னான். அப்படியானால் பாதை ஸ்லாட்டில் இருந்து சாக்கெட் வழியாகத்தான் போகிறது. ப்ராசஸரைத் தூக்கினேன். சாக்கெட்டில் 1,155 பின், ஒவ்வொன்றும் பூனை மீசை கனம். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் படுக்க வைத்துச் சாய்வாக அடித்து, பூதக்கண்ணாடியில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். நடவு நட்ட வயல் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மின்னும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் படுத்திருந்தது. முன்பு யாரோ ப்ராசஸரைக் கோணலாக வைத்து அமுக்கியிருக்கிறார்கள்.

தையல் ஊசியால் தூக்கினேன். ஒரே மூச்சில் நிமிர்த்தக் கூடாது, ஒடிந்துவிடும். கொஞ்சம் தூக்கி, பார்த்து, திரும்பவும் கொஞ்சம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஸ்லாட்டும் இப்போது வேலை செய்கின்றன. கை நடுங்குபவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை டிடிபி கதையில் எனக்குப் பிடித்தது, வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தது. எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான்: சந்தேகம் வந்தால் பிரித்து, குறைந்தபட்சம் எது இருந்தால் ஓடுமோ அதை மட்டும் வைத்து ஓட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்.

மணலி புதுநகர்:

புது ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் தடவை ஆன் செய்ததும் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்புதான். நான் அவசரக்குடுக்கை, மூன்று முறை ஆஃப் செய்து ஆஃப் செய்து ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து ஆரம்பிக்க வைத்தேன். நாலாவது தடவை அம்மா கடைக்கு அனுப்பினார். தயிர் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பயாஸ் திறந்து நிற்கிறது.

தண்டையார்பேட்டை டிடிபி:

பெரியவரே, அந்த வயல் உதாரணத்துக்காகவே ஒரு சாக்கெட்டைத் திறந்து பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பார்க்க மாட்டேன். அக்கா, உங்கள் மெக்கானிக் எந்தத் தெரு என்று மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள், வம்பு.

டிஸ்ப்ளே வந்த பிறகும் எனக்கு ஒரு நாள் போனது. விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டது, போர்டு மாறினால் அது வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்கிறது. அதுகூடப் பரவாயில்லை. திங்கள்கிழமை காலையில் சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நாலு பேர், எந்த அரசு வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லாத தளம் என்கிறது. நெட்டைத் திட்டி, மோடத்தை அணைத்துப் போட்டு, கடைசியில் கீழே மூலையில் தேதியைப் பார்த்தால் 2012. போர்டோடு வந்த சிஆர்2032 பேட்டரி செத்தது. 3 வோல்ட் இருக்க வேண்டியதில் 2 கூட இல்லை. தெருமுனையில் வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைச் சரி செய்ததும் எல்லாம் திறந்தது. வரிசையில் நின்ற அம்மா, "மெஷினுக்கு வயசு கொறைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

கழற்றிய பித்தளைக் காலை பில் புத்தகம் வைக்கிற டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். பஸ்ஸரும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போங்கள், வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். மதியம் ஒன்றரையில் இருந்து மூன்று வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தட்டினால் திறப்பேன்.