சனிக்கிழமை இரவுச் சாப்பாடு: ஃப்ரோசன் பரோட்டா வேண்டுமா?

வசந்தா சித்தி: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குச் சனிக்கிழமை இரவே வந்து சேருகிறவர்களுக்கு ஃப்ரோசன் பரோட்டா போடலாம் என்று பேசி வைத்திருந்தோம். இன்று ஒரு பாக்கெட் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோவை அண்ணி: ஏன் சித்தி?

வசந்தா சித்தி: இடையிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்கும்போதே ஓரம் பிய்ந்து தாளோடு வந்துவிட்டது. கல்லில் போட்டால் ஓரம் கருகுகிற வரையிலும் நடுப்பகுதி வெள்ளை மாவாகவே இருக்கிறது. எடுத்து இரண்டு கையாலும் அடித்துப் பார்த்தேன். ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை. ஆறிய பிறகு மெல்லவே முடியவில்லை.

திண்டுக்கல் அத்தை: தீயைக் கூட்டி வைத்திருப்பாய்.

வசந்தா சித்தி: இல்லை மதினி, மிதமான தீயில்தான் சுட்டேன்.

மதுரை பெரியப்பா: வசந்தாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம். பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி படிந்திருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வகை உணவைத் தொழிற்சாலையிலிருந்து கடை வரைக்கும் மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வைத்திருக்க வேண்டும். வண்டியில் வரும்போதோ, கடையில் மின்சாரம் போனபோதோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்துவிட்டால், மாவிலிருக்கும் நீர் பெரிய பனித்துகள்களாகக் கட்டி அடுக்குகளைச் சிதைத்துவிடும். இளகிய நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டியும் போகும். அதன் பிறகு பரோட்டா மாஸ்டரே வந்து சுட்டாலும் பிரியாது.

வசந்தா சித்தி: ஆமாம் அத்தான், பாக்கெட்டின் மூலையில் நிறையப் பனிக்கட்டி இருந்தது.

சென்னைத் தம்பி: இதற்குத்தானே 2020இல் கர்நாடகத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்றார்கள், பெரியப்பா?

மதுரை பெரியப்பா: ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டாவுக்கு அந்த வரி இல்லை. ஆனால் வரி போனதால் ருசி வந்துவிடாது. நல்ல பாக்கெட்டே கிடைத்தாலும், ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் இளகவிடாமல் நேரே கல்லில் போட வேண்டும். வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே ஒரு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டுப் போடுவது யாரால் முடியும்? சுட்டு அடுக்கி வைத்தாலும் அரை மணி நேரத்தில் இறுகிவிடும்.

திண்டுக்கல் அத்தை: என் மகன் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறீர்கள். சம்பந்தி வீட்டார் வருகிற இந்த இரவிலும் அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது.

மதுரை பெரியப்பா: அந்தக் கதை இப்போது எதற்கு?

திண்டுக்கல் அத்தை: சொன்னது நீங்கள்தானே அண்ணா.

கோவை அண்ணி: இட்லியும் குருமாவும் வைத்துவிடலாம்.

தங்கை: எனக்குப் பரோட்டாதான் வேண்டும், சித்தி. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வசந்தா சித்தி: உனக்கு நானே மாவு பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டுத் தருகிறேன், கண்ணு. பாக்கெட்டை நீ தொட வேண்டாம்.

சென்னைத் தம்பி: மற்றவர்களுக்குப் பேருந்து நிலையத்துக் கடையில் சொல்லிவிடட்டுமா? சூடாகக் கட்டித் தருவார்கள்.

திண்டுக்கல் அத்தை: அந்தக் கடை வேண்டாம். நான் இட்லி மாவு அரைத்துக்கொண்டு வருகிறேன்.

மதுரை பெரியப்பா: கடையிலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

திண்டுக்கல் அத்தை: எத்தனை பேருக்கு அரைக்க வேண்டும் என்று முதலில் யாராவது சொல்லுங்கள்.

கோவை அண்ணி: இவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.